வண்டிக்குள்ளா, டவர் பக்கத்திலா, கிளவுடிலா: இணைந்த வாகனங்களின் கணக்கு எங்கே நடக்க வேண்டும்?

கேள்வி இது: நெட்வொர்க்கில் இணைந்த வாகனங்களுக்காக ஒரு மென்பொருள் தளம் கட்ட வேண்டும். 5ஜி வந்தாயிற்று, கிளவுடில் எவ்வளவு வேண்டுமானாலும் கணினி வாடகைக்குக் கிடைக்கிறது. வண்டியிலிருந்து வரும் எல்லாவற்றையும் கிளவுடுக்கே அனுப்பி அங்கேயே முடிவெடுத்தால் ஆகாதா? நடுவில், டவர் பக்கத்தில் சர்வரை வைத்துக் கணக்கிடும் எட்ஜ், அதாவது விளிம்புக் கணிமை, எதற்கு? எந்த வேலையை எங்கே வைப்பது?

ஆகாது. ஆனால் ஏன் ஆகாது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பாதிதான் சரி. ‘கிளவுட் தூரத்தில் இருக்கிறது, பதில் வர நேரமாகும்’ என்பார்கள். நேரமாவதைவிட மோசமானது, பதில் வராமலே போவது. அதனால் நான் ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக எடுத்து ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: நெட்வொர்க் அறுந்த நிமிடத்தில் இது என்ன ஆகும்? யாருக்காவது அடிபடும் என்றால் அது வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். ஓட்டுபவருக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான் என்றால் கிளவுடில் இருக்கலாம். யாரும் கவனிக்கவே மாட்டார்கள் என்றால் கிளவுடைத் தவிர வேறெங்கும் வைக்காதீர்கள். இவற்றுக்கு நடுவில் மிஞ்சும் சின்னத் துண்டுதான் டவர் பக்கத்து எட்ஜுக்கு உரியது. அந்தத் துண்டு விளம்பரங்களில் காட்டப்படுவதைவிடச் சிறியது.

தாமதக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். டேட்டா சென்டர் 1000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 10 மில்லிநொடி. அது இயற்பியல் போட்ட கோடு, அதற்குக் கீழே யாராலும் இறங்க முடியாது. அதன்மேல் ரேடியோ, ரூட்டர்கள், சர்வரில் வரிசையில் நிற்கும் நேரம் எல்லாம் சேரும். மொத்தம் 100 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அதற்குள் 2.8 மீட்டர் நகர்ந்திருக்கும். பரவாயில்லை, சமாளிக்கலாம் என்று தோன்றும். சிக்கல் சராசரியில் இல்லை. ஆயிரத்தில் ஒரு செய்தி 2 நொடி தாமதமாக வந்தால் அதற்குள் கார் 55 மீட்டர் போயிருக்கும். சுரங்கப் பாதைக்குள் நுழைந்துவிட்டால் கணக்கே கிடையாது.

5ஜி என்றால் 1 மில்லிநொடிதானே என்று கேட்பவர்களுக்கு: அந்த எண், சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் மிக நம்பகமான ஒரு சேவை வகைக்கு வைத்த இலக்கு. அதுவும் கருவிக்கும் டவருக்கும் இடைப்பட்ட ரேடியோ பகுதிக்கு மட்டும், நெரிசல் இல்லாத நிலையில். டவரிலிருந்து உங்கள் சர்வர் வரையிலான பயணம் அதில் சேரவே சேராது.

அதனால் பிரேக், ஸ்டியரிங், பாதசாரியைக் கண்டுபிடிப்பது எல்லாம் வண்டிக்குள்தான். தானாக ஓடும் டாக்சிகளே இதற்குச் சாட்சி. வேமோவின் வண்டிகள் குழப்பமான இடத்தில் தொலைவில் இருக்கும் மனிதரிடம் யோசனை கேட்கும். ஆனால் ஓட்டுவது வண்டிதான். அங்கிருப்பவர் ஜாய்ஸ்டிக் பிடித்து ஓட்டுவதில்லை. ‘இந்தப் பாதை மூடியிருக்கிறதா?’ என்ற கேள்விக்குப் பதில் 5 நொடி தாமதமாக வந்தால் வண்டி நின்றபடி காத்திருக்கும். தாமதத்தைத் தாங்கும்படி அந்தக் கேள்வியையே அமைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வடிவமைப்பு முடிவு இது.

சரி, வண்டிக்குள் என்ன இருக்கிறது? உயர்ரகக் கார்களில் 100-க்கு மேற்பட்ட குட்டிக் கணினிகள் உண்டு, ஈசியூ என்பார்கள். அவை பேசிக்கொள்வது பெரும்பாலும் கேன் பஸ் என்ற பொதுக் கம்பி வழியாக. பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய அந்தத் தொழில்நுட்பத்தின் பழைய வடிவம் நொடிக்கு 1 மெகாபிட்டுக்கு மேல் போகாது. கேமரா, லேசரால் தூரம் அளக்கும் லிடார் எல்லாம் வந்த பிறகு ஈதர்நெட் உள்ளே நுழைந்தது. இப்போது சிதறிக் கிடந்த ஈசியூக்களைக் குறைத்து, இரண்டு மூன்று பெரிய கணினிகளும் வண்டியின் மூலைக்கு ஒரு வட்டாரக் கட்டுப்பாட்டுப் பெட்டியுமாக மாற்றி வருகிறார்கள். வெளியுலகத்தோடு பேசுவது டெலிமேடிக்ஸ் பெட்டி. சிம், ஆன்டெனா, மோடம் எல்லாம் அதில்தான். இந்த மாற்றத்தில் நமக்குக் கிடைத்த ஆதாயம், முதன்முறையாக வண்டிக்குள் உருப்படியான கணக்குத் திறன் ஓரிடத்தில் கிடைக்கிறது என்பது. எட்ஜ் எங்கே என்று டவரைப் பார்த்துத் தேட வேண்டியதில்லை. முதல் எட்ஜ் வண்டிதான்.

ஏன் அங்கேயே வடிகட்ட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட கேமரா, நொடிக்கு 30 படம், புள்ளிக்கு ஒரு பைட். நொடிக்கு 62 எம்பி. எட்டு கேமரா என்றால் சுமார் 500 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 1.8 டெராபைட். சுருக்கினால் வெகுவாகக் குறையும், மறுக்கவில்லை. இருந்தாலும் பல லட்சம் வண்டிகள் அதை மொபைல் நெட்வொர்க் வழியாக ஏற்றும் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

மறுபக்கம், சாதாரண சிக்னல்கள்: வேகம், பேட்டரி வெப்பம், டயர் காற்று போன்றவை. நூறு சிக்னல், ஒவ்வொன்றும் 10 பைட், நொடிக்கு ஒரு முறை. மணிக்கு 3.6 எம்பிதான். ஆனால் 10 லட்சம் வண்டிகள் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் நாளுக்கு 3.6 டெராபைட். யாரோ ஒரு பொறியாளர் ‘நொடிக்கு பத்து முறை வேண்டும்’ என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் 36 டெராபைட். சேமிக்க, அனுப்ப, படிக்க எல்லாவற்றுக்கும் செலவு பத்து மடங்கு. அந்த வரியை யார் மாற்றலாம், யார் ஒப்புதல் தர வேண்டும் என்று முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

டொயோட்டா, இன்டெல், எரிக்சன் முதலியவை 2017-ல் வாகன எட்ஜ் கணிமைக்காக ஒரு கூட்டமைப்பை அறிவித்தபோது, 2025 வாக்கில் வண்டிகளுக்கும் கிளவுடுக்கும் இடையே மாதம் 10 எக்ஸாபைட், அதாவது ஒரு கோடி டெராபைட், தரவு ஓடும் என்று மதிப்பிட்டார்கள். அந்த மாதிரிப் பெரிய எண்ணை மேடையில் காட்டலாம். அதைப் பார்த்து உங்கள் தளத்தின் அளவைத் தீர்மானிக்காதீர்கள். உங்கள் சிக்னல் பட்டியலை எடுத்து, மேலே போட்டதுபோல ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். அரை மணி நேர வேலை.

வண்டிக்குள் வடிகட்டுவது எப்படி? மூன்று உத்திகள் பெரும்பாலான இடங்களில் போதும். ஒன்று, மதிப்பு மாறினால் மட்டும் அனுப்புவது. டயர் காற்று மணிக்கணக்கில் மாறாது, அதை நொடிக்கொரு தரம் சொல்லிக்கொண்டிருப்பது வீண். இரண்டு, சுழல் நினைவகம்: கடைசி 30 நொடித் தரவு எப்போதும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும், திடீர் பிரேக் போன்ற நிகழ்வு நடந்தால் மட்டும் அதற்கு முன்னும் பின்னும் உள்ளதை வெட்டி அனுப்பும். மூன்று, இந்த விதிகளையே கிளவுடிலிருந்து மாற்ற முடிவது. ‘குளிர் பிரதேசத்தில் உள்ள வண்டிகளிடமிருந்து மட்டும் அடுத்த இரண்டு வாரம் பேட்டரி மின்னழுத்தம் வேண்டும்’ என்று கேட்க ஃபர்ம்வேரை, அதாவது வண்டிக் கணினிகளின் உள்மென்பொருளை, மாற்ற வேண்டியிருந்தால், அந்தத் தரவு ஒருநாளும் வராது. சேகரிப்பு விதி வெறும் தரவாகப் போக வேண்டும், மென்பொருளாக அல்ல. டெஸ்லா தன் வண்டிகளிலிருந்து அரிதான காட்சிகளைப் பொறுக்கியெடுப்பதும் ஏறத்தாழ இப்படித்தான்.

சிக்னல்களுக்குப் பெயர் வைப்பதும் பெரிய தலைவலி. ஒரே வேகத்துக்கு மாடலுக்கொரு பெயர், மாடலுக்கொரு அலகு. கோவெசா என்ற வாகனத் துறைக் கூட்டமைப்பின் வாகன சிக்னல் வரையறை என்று ஒன்று திறந்த தரமாகக் கிடைக்கிறது; புதிதாகக் கட்டுபவர்கள் அதை எடுத்துக்கொள்வது நல்லது. கேன் செய்திகளை அப்படியே கிளவுடுக்கு அனுப்பி அங்கே பிரித்துக்கொள்ளலாம் என்ற கட்சியும் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. எந்த வண்டியில் எந்தப் பதிப்பு என்ற அகராதியை நீங்கள் காலமெல்லாம் சுமக்க வேண்டியிருக்கும்.

இனி வண்டிக்கும் கிளவுடுக்கும் நடுவே உள்ள வழி. இங்கே எம்க்யூடிடி என்ற நெறிமுறைதான் நடைமுறை வழக்கம். 1999-ல், செயற்கைக்கோள் வழியாக எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் உருவாக்கியது. மெலிந்த இணைப்பு, அடிக்கடி அறும், ஒவ்வொரு பைட்டுக்கும் காசு. பாலைவனத்துக் குழாய்க்கும் மலைச்சாலைக் காருக்கும் ஒரே நோய், ஒரே மருந்து. மிகச் சிறிய தலைப்பு 2 பைட்தான். இணைப்பு அறுந்தாலும், எந்தச் செய்திகள் வேண்டும் என்று கருவி கொடுத்த சந்தா நினைவில் இருக்கும். கருவி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் அது முன்கூட்டியே கொடுத்து வைத்த ‘கடைசிச் செய்தி’யை புரோக்கர், அதாவது நடுவில் நின்று செய்திகளை வாங்கிக் கொடுக்கும் சர்வர், மற்றவர்களுக்கு அறிவிக்கும். புரோக்கருக்குப் பின்னால் பொதுவாக, வரும் செய்திகளை வரிசையில் நிறுத்தி வைக்கும் காஃப்கா போன்ற ஒரு மென்பொருள், அதன்பின் ஓடையாகக் கணக்கிடும் நிரல்கள், சேமிப்பு. இந்தப் பகுதி எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது தோல்விகளைப் பற்றி. நான் அருகிலிருந்து பார்த்த ஒரு திட்டத்தில், இணைப்பு அறுந்தால் சரியாக 30 நொடி கழித்து மீண்டும் முயல வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். படிக்க நியாயமாகத்தான் இருந்தது. ஒருநாள் புரோக்கரைப் பராமரிப்புக்காக ஐந்து நிமிடம் நிறுத்தினார்கள். திரும்ப எழுப்பியதும் எல்லா வண்டிகளும் ஒரே மூச்சில் வந்து கதவைத் தட்டின, புரோக்கர் விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது. 10 லட்சம் வண்டிகள் ஒரே நிமிடத்துக்குள் வந்தால் நொடிக்கு 16,000-க்கு மேல் டிஎல்எஸ் கைகுலுக்கல், அதாவது பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும் சடங்கு. சான்றிதழ் சரிபார்ப்பதிலேயே சர்வர் மூச்சுத் திணறிவிடும். காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாக்கி, அதில் கொஞ்சம் குலுக்கல்சீட்டு எண்ணையும் சேர்த்தால் தீரும் பிரச்சினை. ஆனால் அந்தத் திருத்தம் போக வேண்டியது வண்டிக்குள். வண்டியோ இணைப்பில் இல்லை. புரிகிறதா சிக்கல்?

அப்புறம், நேரம். அடித்தள நிறுத்தத்தில் இரண்டு நாள் கிடந்த வண்டி வெளியே வந்ததும் இரண்டு நாள் பழைய தரவைக் கொட்டும். கிளவுட் அதை ‘இப்போது’ என்று எடுத்துக்கொண்டால் வரைபடத்தில் பேய் நெரிசல் தோன்றும். நிகழ்ந்த நேரம், வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் தனித்தனியாக வைத்தே ஆக வேண்டும். வண்டியின் கடிகாரத்தையும் முழுதாக நம்ப முடியாது. ஜிபிஎஸ் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது. அதைக் கணக்கில் எடுக்காத ரிசீவருக்கு நேற்று என்பது இருபது வருடத்துக்கு முந்தைய தேதியாகிவிடும்.

எதிர்த்திசையில், அதாவது கிளவுடிலிருந்து வண்டிக்குக் கட்டளை போகும் வழியில், ஆபத்து அதிகம். வழக்கமான முறை ‘நிழல்’ வைப்பது: வண்டி எப்படி இருக்கிறது என்று ஒரு நிலை, எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு நிலை, இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் வண்டி சரிசெய்துகொள்ளும். ஏசியின் வெப்பநிலைக்கு இது அருமையாக வேலை செய்யும். கதவுக்கு இதே முறையை வைத்தால் என்ன ஆகும்? உரிமையாளர் போனில் ‘திற’ என்று அழுத்துகிறார். வண்டி அடித்தளத்தில், சிக்னல் இல்லை. சாவியால் திறந்து, வண்டியை எடுத்து, வேறு இடத்தில் நிறுத்திப் பூட்டிவிட்டுப் போகிறார். இப்போது சிக்னல் வருகிறது. காத்துக்கொண்டிருந்த கட்டளை கதவைத் திறந்துவிடுகிறது, ஆளில்லாத தெருவில். ஒவ்வொரு கட்டளைக்கும் காலாவதி நேரம் வேண்டும், அதை வண்டி தானே சரிபார்க்க வேண்டும். இது மிகைக் கற்பனை அல்ல. வடிவமைப்புக் கூட்டங்களில் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான், உடனடிப் பதில் கிடைப்பது அபூர்வம்.

நிறுத்திய வண்டி தூங்க வேண்டும் என்பதையும் கிளவுட் உலகத்திலிருந்து வருபவர்கள் மறந்துவிடுவார்கள். மோடம் 50 மில்லிஆம்பியர் மட்டுமே எடுத்தாலும் ஒரு மாதத்தில் 36 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. விமான நிலையத்தில் விட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரும்போது வண்டி கிளம்பாது. அதனால் தூக்கத்தில் இணைப்பை அறுத்துவிட்டு, தேவைப்பட்டால் குறுஞ்செய்தி அனுப்பி எழுப்புகிறார்கள். எல்லா வண்டியும் எப்போதும் இணைப்பில் இருக்கும் என்று நினைத்து எழுதிய கட்டமைப்பு இங்கேயே உடைந்துபோகும்.

இப்போது நடுவில் உள்ள எட்ஜுக்கு வருவோம். ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனமான எட்ஸி 2014-ல் ‘மொபைல் எட்ஜ் கணிமை’ என்று ஒரு குழுவைத் தொடங்கியது. பின்னர் ‘மொபைல்’ என்பதை ‘மல்டி-ஆக்சஸ்’ என்று மாற்றினார்கள். அமேசான் 2019 இறுதியில் வேவ்லெங்த் என்ற பெயரில் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே தன் சர்வர்களை வைக்கும் திட்டத்தை அறிவித்தது. படத்தில் டவரின் அடியில் ஒரு சர்வர் வரைந்திருக்கும். உண்மையில் அது பெரும்பாலும் பல டவர்கள் வந்து சேரும் நகர அளவிலான மையத்தில்தான் இருக்கும். இடம் எதுவானாலும், மொபைல் நெட்வொர்க்கை விட்டுத் தரவு எந்தக் கதவு வழியாக வெளியேறுகிறது என்பதுதான் விஷயம். அந்தக் கதவு தூரத்தில் இருந்தால், சர்வரை டவரில் கட்டித் தொங்கவிட்டாலும் பயனில்லை.

வாகனத் துறையில் இந்தக் கதவு பெரும்பாலும் தூரத்தில்தான் இருக்கிறது. ஒரு தயாரிப்பாளர் பல நாடுகளில் விற்பார். எல்லா வண்டிகளிலும் ஒரே தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சிம்மை வைத்து ரோமிங்கில் ஓட்டுவது நிர்வாகத்துக்கு எளிது. ரோமிங்கின் வழக்கமான முறையில் தரவு முதலில் சிம்மின் சொந்த நாட்டுக்குப் போய் அங்கிருந்துதான் இணையத்துக்கு வரும். டவருக்கு 10 கிலோமீட்டர் தள்ளி எட்ஜ் சர்வர் இருக்கும். வண்டியின் செய்தி கடல் தாண்டிப் போய்விட்டு அதே ஊருக்குத் திரும்பி வரும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. உள்ளூரிலேயே வெளியேறும் ஏற்பாட்டை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்க வேண்டும், அல்லது இசிம்மில், அதாவது கழற்றாமலே நிறுவனம் மாற்றக்கூடிய சிம்மில், உள்ளூர் நிறுவனத்தின் விவரத்தை ஏற்ற வேண்டும். எட்ஜ் பற்றி யாராவது திட்டம் கொண்டுவந்தால் முதலில் சிம் ஒப்பந்தத்தை எடுத்துவரச் சொல்லுங்கள். அதைப் படித்த பிறகு பாதிக் கூட்டங்கள் தேவைப்படாது.

அடுத்த சிக்கல், வண்டி நகர்கிறது. ஒரு எட்ஜ் மையம் சாலையில் 20 கிலோமீட்டர் நீளத்தைப் பார்த்துக்கொள்கிறது என்றால், 100 கிலோமீட்டர் வேகத்தில் 12 நிமிடத்துக்கு ஒருமுறை மையம் மாறும். வண்டியைப் பற்றி அங்கே சேர்ந்த நிலைத்தகவலை அடுத்த மையத்துக்குக் கடத்துவது எப்படி என்று எட்ஸி தனி வரையறையே எழுதியிருக்கிறது. என் யோசனை எளிமையானது: கடத்தாதீர்கள். வண்டியைப் பற்றிய நினைவு வண்டியிலேயே இருக்கட்டும். எட்ஜில் இருப்பது அந்த இடத்தைப் பற்றிய நினைவாக மட்டும் இருக்கட்டும், அதுவும் சில நொடிகளில் தானாக அழியக்கூடியதாக. எட்ஜ் விழுந்து எழுந்தாலும் ஐந்து நொடியில் சாலையைப் பார்த்து மீண்டும் தெரிந்துகொள்ளும். இன்னொன்று: உங்கள் வண்டி ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கில், முன்னால் போகும் வண்டி வேறொன்றில். இரண்டு எட்ஜ்களும் பேசிக்கொள்ளாவிட்டால் உங்களுக்கு அந்த வண்டி இல்லாத மாதிரிதான். இது தொழில்நுட்பத்தால் தீராது, ஒப்பந்தத்தால்தான் தீரும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் எட்ஜ் நிஜமாகவே சாதிக்கும் இடம் உண்டு: சந்திப்புகள். லாரிக்குப் பின்னால் மறைந்திருக்கும் பாதசாரியை உங்கள் வண்டியின் எந்த சென்சாரும் பார்க்க முடியாது, சந்திப்பில் உயரத்தில் பொருத்திய கேமரா பார்க்கும். அந்தப் படத்தைச் சில நூறு மீட்டர் தள்ளியே கணக்கிட்டு ‘இன்ன இடத்தில் ஆள், இன்ன திசையில் நடை’ என்று சில பைட் செய்தியாக ஒலிபரப்பினால் அது உயிரைக் காக்கும். செய்தி வராவிட்டால் வண்டி இன்று ஓடுவதுபோலவே ஓடும், கூடுதல் ஆபத்து எதுவும் இல்லை. எட்ஜில் வைக்கத் தகுந்த வேலையின் அடையாளம் இதுதான்: இருந்தால் லாபம், இல்லாவிட்டால் நஷ்டமில்லை. சிக்னல் விளக்கு எத்தனை நொடியில் மாறும் என்ற செய்தி, பாதையில் பணி நடக்கிறது என்ற எச்சரிக்கை, பல வண்டிகள் சொன்ன பள்ளத்தை ஒன்றாகச் சேர்த்துக் கிளவுடுக்கு ஒரே வரியாக அனுப்புவது, இவையும் அந்த இனம்தான்.

நெட்வொர்க்கே இல்லாமல் வண்டியும் வண்டியும் நேரடியாகப் பேசும் வழியும் இருக்கிறது, 5.9 கிகாஹெர்ட்ஸ் அலையில். நொடிக்குப் பத்து முறை வரை ‘நான் இங்கே, இந்த வேகத்தில்’ என்று ஒவ்வொன்றும் சொல்லிக்கொண்டே போகும். சுற்றிலும் 100 வண்டி இருந்தால் நொடிக்கு 1000 கையொப்பங்களைச் சரிபார்க்க வேண்டும். அதற்கென்றே தனிச் சில்லு வைக்கிறார்கள். இந்த வழியின் வரலாறுதான் சோகம். அமெரிக்கா 1999-ல் இதற்காக 75 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கியது. வைஃபையின் உறவான டிஎஸ்ஆர்சியா, மொபைல் வழிவந்த சி-வி2எக்ஸா என்ற சண்டையில் இருபது வருடம் ஓடியது. 2020 நவம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் அதில் 45 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குக் கொடுத்து, மீதி 30-ஐ சி-வி2எக்ஸுக்கு விட்டது. ரேடியோவை நம்பிச் செய்தி வடிவத்தை எழுதியவர்கள் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. செய்தி வேறு, அதைச் சுமக்கும் ரேடியோ வேறு என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

கிளவுட் இல்லாமல் முடியவே முடியாத வேலை மென்பொருள் அப்டேட். 2018-ல் டெஸ்லா மாடல் 3-இன் பிரேக் போட்டு நிற்கும் தூரம் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் இதழின் சோதனையில் 152 அடியாக இருந்தது. காற்றுவழி அப்டேட் ஒன்று போன பிறகு அதே சோதனையில் 133 அடி. பணிமனைக்குப் போகாமல் பிரேக் மேம்பட்டது. இதே சக்தி எதிரி கையில் போனால்? 2015-ல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவரும் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை மொபைல் நெட்வொர்க் வழியாகவே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. பொழுதுபோக்குத் திரையில் நுழைந்து, அங்கிருந்து கேன் பஸ்ஸுக்கு இறங்கிய வழி அது. அதற்குப் பின்தான் வண்டிகளின் இணையப் பாதுகாப்புக்கும் மென்பொருள் அப்டேட்டுக்குமான ஐ.நா.வின் ஆர்155, ஆர்156 விதிகள் வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய வண்டிக்கும் அவை பொருந்தும். அப்டேட் பாதுகாப்புக்கு அப்டேன் என்ற திறந்த வடிவமைப்பைப் படியுங்கள். அதன் மூளை இது: என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்று சான்றளிக்கும் கிடங்கு ஒன்று, எந்த வண்டிக்கு எது என்று சொல்லும் கிடங்கு வேறு. முதலாவதின் சாவி இணையத்தில் இல்லாத இடத்தில். ஒரு சர்வரைத் திருடியவனால் தன் சொந்த மென்பொருளை வண்டிக்குள் ஏற்ற முடியாது. இரண்டு ஜிபி கோப்பு 10 லட்சம் வண்டிக்கு என்றால் 2 பெட்டாபைட். அதைச் சுமப்பது இணையம் முழுக்க வருடக்கணக்காகப் பரவிக் கிடக்கும் நகல் சர்வர்கள்தான். எட்ஜ் என்று பெயர் சூட்டிக்கொள்ளாத பழைய எட்ஜ்!

தனியுரிமையை ஏன் கடைசியில் சொல்கிறேன் என்று கேட்கலாம். முதலில் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. 2013-ல் 15 லட்சம் பேரின் மொபைல் இடத்தகவலை ஆராய்ந்தவர்கள், பெயர் எதுவும் இல்லாமலே நான்கு இட-நேரப் புள்ளிகள் 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணப் போதும் என்று கண்டார்கள். பெயரை நீக்கிவிட்டோம் என்ற சமாதானம் செல்லாது. பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் வண்டிக்குள்ளேயே வெட்டிவிடுவது, துல்லியமான இடத்துக்குப் பதில் சாலைத் துண்டின் எண்ணை அனுப்புவது, இவை எல்லாம் கணினியை வண்டிக்குள் வைத்தால் மட்டும் முடிகிற காரியம். கிளவுடுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அழிப்பது வேறு, போகவே விடாமல் இருப்பது வேறு. சீனா 2021 அக்டோபரில் கொண்டுவந்த வாகனத் தரவு விதிகளும் வண்டிக்குள்ளேயே கையாளுவதை முன்னிறுத்துகின்றன. தாமதத்தைவிட இதுதான் வண்டி எட்ஜுக்கு வலுவான வாதம் என்பது என் கட்சி.

ஆயுள் பொருத்தம் பற்றி ஒரு வார்த்தை. கார் பதினைந்து வருடம் ஓடும். அமெரிக்காவில் 2008-ல் அனலாக் நெட்வொர்க் மூடப்பட்டதையொட்டி ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளிலிருந்த பழைய ஆன்ஸ்டார் இணைப்புக் கருவிகள் ஊமையாயின. 2022-ல் 3ஜி மூடியபோது வேறு பல வண்டிகளுக்கு அதே கதி. நெட்வொர்க்தான் அப்படி என்றில்லை. கருவிகளைக் கிளவுடோடு இணைக்கும் தன் ஐஓடி கோர் சேவையை கூகுள் ஒரு வருட அவகாசம் கொடுத்து 2023 ஆகஸ்டில் மூடியது. அதனால் வண்டிக்குள் எழுதும் சர்வர் முகவரி உங்கள் சொந்தப் பெயரில் இருக்கட்டும், சான்றிதழின் வேர் உங்களுடையதாக இருக்கட்டும். கிளவுட் நிறுவனத்தின் முகவரியை நேராக வண்டிக்குள் எழுதிவிட்டால் பின்னால் மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஐரோப்பாவில் 2018 மார்ச் 31 முதல் புதிய மாடல்களுக்குக் கட்டாயமான இகால் அவசர அழைப்பைப் பாருங்கள்: விபத்து நடந்தால் 140 பைட் மட்டும் போகிறது, அதுவும் குரல் அழைப்பின் ஒலிக்குள்ளேயே. கிளவுட் வேண்டாம், இணைய இணைப்பும் வேண்டாம். அப்படிப்பட்ட எளிமைக்கே பழைய நெட்வொர்க்குகள் மூடப்படும்போது சிக்கல் வருகிறது.

எங்கிருந்து தொடங்குவது என்றால்: வண்டிக்குள் வடிகட்டும் பகுதி, ஒரு எம்க்யூடிடி புரோக்கர், ஒரு கிளவுட் மண்டலம், அப்டேன் வழியில் அப்டேட். இவ்வளவு போதும். டவர் பக்கத்து எட்ஜை, குறிப்பிட்ட சந்திப்பு, குறிப்பிட்ட சாலை என்று பெயர் சொல்லக்கூடிய தேவை வரும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

கட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு வண்டியின் சிம்மைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். என்னென்ன நின்றது என்று ஓட்டுபவரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் எதிர்பார்த்த பட்டியலோடு அது ஒத்துப்போகிறதா பாருங்கள். அதன்பிறகு சிம்மைப் போட்டு முதல் பத்து நிமிடம் என்ன நடக்கிறது என்று பதிவுகளைப் பாருங்கள்: பழைய தரவு சரியான தேதியில் போய் உட்கார்ந்ததா, காலாவதியான கட்டளை எதையாவது வண்டி நிறைவேற்றியதா, ஏழு நாள் தரவை ஒரே மூச்சில் கொட்டியதா, நிதானமாகக் கொடுத்ததா. ஒரு வண்டியில் இது சரியாக வந்தால், அடுத்து நூறு வண்டிகளின் இணைப்பை ஒரே நேரத்தில் அறுத்து, ஒரே நேரத்தில் கொடுத்துப் பாருங்கள்.